5016-லிருந்து 5016-க்கு

காலை ஒன்பது இருபது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தாள். பிரிண்டருக்குப் பின்னால் கூடையில் மடிந்து விழவேண்டிய தொடர்தாள், கூடை நிறைந்து வழிந்து, தரையில் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. பிரிண்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது எட்டு ஐம்பதுக்கு. ஐந்து பக்கத்துக்கு மேல் வராது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன்.

ஒரு மடிப்பைக் கையில் எடுத்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏழு ஆஸ்பத்திரிகளின் பெயர்கள். அதற்குக் கீழே அதே ஏழு. அதற்கும் கீழே அதே ஏழு. கூடையின் அடியிலிருந்து ஒன்றை உருவினேன். அதிலும் அதே ஏழு, அதே வரிசையில்.

பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு மண் சாலையில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக ஏற்றும் சலைனும் குளுக்கோஸும் தயாரித்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். வங்கிகளிலும் ரயில்வேயிலும் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய கம்ப்யூட்டரும் இல்லை, மேசைமேல் வைக்கும் சின்னதும் இல்லை, எங்களுடையது நடுவாந்தரம். துணி பீரோ அளவில் பழுப்பு நிறப் பெட்டி ஒன்று, அதிலிருந்து கம்பி போன, திரையும் கீபோர்டுமான ஆறு டெர்மினல்கள், ஒரு பிரிண்டர். கண்ணாடி அறையும் ஏ.சி.யும் அதற்குத்தான்; நாங்கள் அதன் தயவில் குளிர் காய்ந்தோம். அதற்கு புரோகிராம் எழுதும் ஒரே ஆள் நான். அதற்கு முன் ஆறு வருஷம் மவுண்ட் ரோட்டில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அங்கே ஒட்டிய பழக்கம் இரண்டு: எது நடந்தாலும் மணி பார்த்துக் குறித்துக்கொள்வது, எதையும் வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் படிப்பது. இதில் வரும் நேரங்கள் எல்லாம் அன்றைய டைரியில் இருப்பவை.

அன்று காலை எட்டரைக்கு எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பெண் கெமிஸ்ட் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்கு வந்தார். ஒரே தடவையில் தயாராகும் ஒவ்வொரு லாட்டிலும் மூன்று பாட்டில்களைச் சோதனை அலமாரியில் எடுத்து வைப்பது வழக்கம். அது லாட் 3127. அவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகத் திருப்பினார். உள்ளே பஞ்சு இழை மாதிரி ஒன்று எழுந்து, சுழன்று, மறுபடி அடியில் படிந்தது.

"பூஞ்சை," என்றார். "மூணுல ரெண்டு பாட்டில்ல இருக்கு சார்."

குடிக்கும் தண்ணீரில் இருந்தால் வயிற்றுக்குப் போகும். இது நேராக ரத்தத்துக்குப் போவது. அதை அங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லாட் 3127 ஆலையை விட்டுப் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. அது யார் யாரிடம் போனது என்று சொல்லும் புரோகிராமை நான் எழுதி வைத்திருந்தேன். அதுவரை பயிற்சிக்காக மட்டும் ஓடியது. அதில் சிக்கல் இதுதான். அந்த வருஷ மழையில் அடையாற்றுத் தண்ணீர் அனகாபுத்தூரில் இருந்த எங்கள் குடோனுக்குள் புகுந்து அட்டைப்பெட்டிகளை நனைத்துவிட்டது. பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்த பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாற்றி, பெட்டிக்குப் புது எண் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி தண்ணீர் வந்தது, மறுபடி மாற்றினார்கள். பாட்டிலின் லேபிளில் 3127 என்றே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் அது 5016 ஆகி, 5016-இல் ஒரு பகுதி வேறொன்றாகி, அங்கிருந்து பிரிந்து போயிருக்கும். என் புரோகிராம் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் போய், அந்தந்த எண்ணில் சரக்கு வாங்கிய ஆஸ்பத்திரிகளை எழுதிக்கொண்டே வரவேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டால் யாரும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. தானே ஓடி, தானே முடியும்.

அது முடியவில்லை.

எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. என் மனைவி முதல் நாள் சாயங்காலத்திலிருந்து இரும்புலியூரில் ஒரு நர்சிங் ஹோமில் படுத்திருந்தாள். மூன்றாவது மாதம். ஒரு வாரமாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு நாற்பதுக்கு அவள் அம்மாவை அருகில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன். அந்த அறையில் பார்த்ததெல்லாம் நினைவிருக்கிறது. கூரையில் மழை ஒழுகிய கறை, இலங்கை வரைபடம் மாதிரி. (மாம்பழம் மாதிரி என்று அவள் இன்றும் வாதாடுவாள்.) ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் மடித்து வைத்த சிகரெட் அட்டை. சொட்டு வினாடிக்கு ஒன்று. பாட்டில் எங்கள் கம்பெனியுடையது. லேபிளில் நீலப் பட்டை. லாட் எண் எங்கே அச்சாகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்: இடது ஓரம், கீழிருந்து இரண்டாவது வரி.

அதை நான் படிக்கவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு மேலாளர் கண்ணாடி அறைக்குள் வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். கோபம் வந்தால் கேலியாகத்தான் வரும். தரையில் கிடந்த தாளைப் பார்த்தார்.

"என்னப்பா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி ஒரே பேரையே அடிச்சுக்கிட்டிருக்கு?"

"எங்கேயோ சுத்துது சார். பாக்கறேன்."

"நமக்கு ஃபேன்கூட கிடையாது. இதுக்கு ஏ.சி. போட்டு மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்கோம். சுத்தாம என்ன பண்ணும்?"

வேலையை நிறுத்தக் கட்டளை கொடுத்தேன். அது சட்டென்று நிற்கும் இயந்திரம் இல்லை. நிறுத்துகிறேன் என்று திரையில் சொல்லிவிட்டு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த எட்டு நிமிடமும் பிரிண்டர் அந்த ஏழு பெயர்களையே அடித்தது. நர்சிங் ஹோமின் பெயர் அந்த ஏழில் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழுக்குப் பிறகு எத்தனை பெயர் வர வேண்டியிருந்தது என்பதைத்தான் இயந்திரம் சொல்லாமல் இருந்தது.

டெலிபோனை எடுத்தேன். மழை தொடங்கிய நாளிலிருந்து அதில் உயிர் இல்லை, தெரிந்தேதான் எடுத்தேன். சாலை முனை பூத்திலும் அதே கதை. மேலாளரிடம் போய் என் மனைவி இரும்புலியூரில் இருப்பதைச் சொன்னேன். சைக்கிளில் போனால் இருபது நிமிடம் என்றேன்.

அவர் கேலி செய்யவில்லை. "நீ போயிட்டா லிஸ்ட் யாருப்பா எடுப்பா?" என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு இரண்டாம் முறை ஓட்டினேன். முதல்முறை ஏதோ தவறான எண்ணைத் தட்டியிருப்பேன் என்று நம்ப விரும்பினேன். இந்தமுறை பிரிண்டருக்கு எதிரே நின்றேன். ஏழு பெயர்கள் வந்தன. பிரிண்டர் ஒரு மூச்சு நின்றது. எட்டாவது வரி. முதல் பெயர். மறுபடி நிறுத்தி, மறுபடி எட்டு நிமிடம் காத்திருந்தேன்.

பத்து மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். புரோகிராமைப் படித்துப் பயனில்லை. அதை எழுதியவனே படித்தால் எழுத நினைத்ததுதான் கண்ணில் படும். அச்சகத்தில் கற்றது அது. அதனால் பெட்டி மாற்றிய பதிவுகள் முழுவதையும் எண் வரிசையில் தாளில் எடுத்தேன். இரண்டு பத்திகள்: இடப்பக்கம் எந்த எண்ணிலிருந்து, வலப்பக்கம் எந்த எண்ணுக்கு. பதினான்கு பக்கம். முதல் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, இரண்டு எண்களையும் உதட்டசைத்துப் படித்து, ஸ்கேலை ஒரு வரி இறக்கினேன்.

பதினோராம் பக்கத்தில் ஒரு வரி. இடப்பக்கம் 5016. வலப்பக்கம் 5016.

ஒரு சரக்கு தன்னிலிருந்தே தனக்கு மாறியிருந்தது. என் புரோகிராம் 5016-க்குப் போய், அதில் வாங்கிய ஏழு ஆஸ்பத்திரிகளை எழுதி, அடுத்து எங்கே போகலாம் என்று பார்த்து, 5016-க்குப் போய், அதே ஏழை எழுதிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே 5016-லிருந்து 5019-க்கு என்று இன்னொரு வரி இருந்தது. அங்கே இயந்திரம் ஒரு தடவைகூட இறங்கவில்லை. 5019-ஐ யார் வாங்கினார்கள் என்பது அந்தக் கணம் வரை யாருக்கும் தெரியாது. மீதி மூன்று பக்கங்களையும் ஸ்கேல் வைத்தே முடித்தேன். அப்படிப்பட்ட வரி அது ஒன்றுதான். மணி பத்து முப்பது.

குடோன் சூப்பர்வைசர் அன்று ஆலைக்கு வந்திருந்தார். ஐம்பது வயது, இருபது வருஷத்தில் அவர் பொறுப்பில் ஒரு பாட்டில் குறைந்ததில்லை. மேலாளர் அவரை ரெஜிஸ்டரோடு வரச் சொன்னார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா சார், மெஷின் பட்த்துக்கிச்சாமே? பொட்டு கிட்டு வச்சீங்களா?"

"அண்ணா, இந்த வரி நீங்க எழுதிக் குடுத்ததா?"

குனிந்து பார்த்தார். "நம்மள்துதான்."

"5016-ஐ 5016-க்கே மாத்தினதா இருக்கே. புது நம்பர் என்னாச்சு?"

அவர் ரெஜிஸ்டரைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். 5021 என்ற எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் 'ரத்து' என்று எழுதியிருந்தது.

"இன்னா சார் பண்றது, அடுத்த நம்பரு அதான் வந்துச்சு. அஞ்சும் ரெண்டும் ஏழு, ஒண்ணு எட்டு. நோயாளிக்குப் போற சரக்கு சார். எட்டுல அனுப்ப மனசு வர்ல. பழைய நம்பரையே போட்டுட்டேன். கூட்டிப் பாருங்க, மூணு வரும். நல்ல நம்பரு."

"இதுக்கு முன்னாடி எட்டு வந்தப்பல்லாம்?"

"தாண்டிடுவேன். 5003 தாண்டிட்டேன், 5012 தாண்டிட்டேன். அப்புறம் ஆடிட்டர் வந்து ஏன்யா நம்பர் வுட்டுப்போச்சுன்னு ஒரே பேஜார் பண்ட்டாரு. அதான் இந்த தபா தாண்டல. சரக்கு அதே சரக்குதான சார்? ஒரு பாட்டில் கொறையலியே?"

மேலாளர் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மேலாளர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற கம்பெனி வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் எண்ணைக் கூட்டினால் ஒன்பது. ஒன்பது வரும்வரை ஆர்.டி.ஓ. ஆபீசில் மூன்று வாரம் காத்திருந்து வாங்கியவர் அவர்தான்.

"சரி. இப்ப என்ன பண்ணணும்?" என்று என்னிடம் கேட்டார்.

லேபிளில் உள்ள லாட் எண்ணிலிருந்து மட்டுமே புரோகிராம் தொடங்கும், 5019-ஐ நேராகக் கொடுக்க முடியாது; அதனால் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பதிவைத் திருத்துவது. வலப்பக்கத்து 5016-ஐ அழித்து அது எதுவாக இருந்திருக்க வேண்டுமோ அதைத் தட்டுவது. நான்கு இலக்கம், இரண்டு நிமிடம். பிறகு ஓட்டினால் பட்டியல் வந்துவிடும். வேறு எண் எதையும் போட முடியாது. 5022 முதல் எல்லாம் வேறு சரக்குக்குப் போய்விட்டன. வரியை நீக்கவும் முடியாது, மருந்துப் பதிவு என்பதால் அந்த வசதியை நானே கொடுக்காமல் விட்டிருந்தேன். அந்தச் சரக்குக்கென்று ரெஜிஸ்டரில் இருந்தது 5021 ஒன்றுதான். இன்னொரு வழி புரோகிராமைத் திருத்துவது: இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போ என்று ஒரு கட்டளை சேர்த்து, முழு புரோகிராமையும் இயந்திரம் மறுபடி தன் மொழிக்கு மொழிபெயர்த்துக்கொள்ளக் காத்திருப்பது. எங்கள் இயந்திரத்தில் அதற்கு இருபது நிமிடம்.

திருத்தும் திரையைத் திறந்தேன். கர்சர் வலப்பக்கத்து எண்ணில் நின்று மினுங்கியது. சூப்பர்வைசர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"சார், அதைப் போடப் போறீங்களா?"

கீபோர்டை அருகே இழுத்தேன்.

"இன்னிக்கு வோணாம் சார். உங்க வூட்டம்மா ஆஸ்பத்திரில கீறாங்கன்னு சொன்னாங்க. உங்க கையால இன்னிக்கு அதைப் போடாதீங்க."

நான் ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவன். எட்டாம் எண் வீட்டில் குடியிருந்தவன். நாளிதழில் ராசிபலன் பக்கத்தைத் திருத்தும்போது மேஷத்தையும் ரிஷபத்தையும் இடம் மாற்றிப் போட்டு, யாராவது கடிதம் எழுதுகிறார்களா என்று பார்த்தவன். ஐந்தைத் தட்டினேன். பூஜ்யத்தைத் தட்டினேன். இரண்டைத் தட்டினேன். கூரையில் அந்தக் கறை, வினாடிக்கு ஒரு சொட்டு, நீலப் பட்டை. கடைசி இலக்கத்துக்கு விரல் போகவில்லை.

திரையை மூடினேன்.

"புரோகிராமையே திருத்திடறேன் சார்," என்று மேலாளரிடம் சொன்னேன். "இதே மாதிரி வேற வரியும் இருக்கலாம். திரும்பச் சுத்தினா இன்னும் நேரம் போகும்."

இருக்கலாம் என்பது பொதுவாக உண்மை. பதினான்கு பக்கத்தையும் படித்தவனுக்கு வேறு இல்லை என்று தெரியும்.

மணி பத்து முப்பத்தெட்டு. சூப்பர்வைசர் தன் மொபெட்டில் இரும்புலியூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். மேலாளர் வாசல் வரை அவர் பின்னால் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது.

"நம்பரைப் பாரு, வந்துடு. வாயத் தொறக்காத. லிஸ்ட் கைக்கு வராம ஒரு ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுடும். எவனுக்கு அனுப்பினோம்னு கேட்டா என்ன சொல்லுவ?"

கட்டளையைச் சேர்த்தேன். அந்த மொழியில் ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டத்தில் உட்கார வேண்டும். ஒரு கட்டம் தள்ளி அடித்துவிட்டேன். இயந்திரம் நான்கு நிமிடம் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. திருத்திக் கொடுத்தேன். அதன் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. ஏ.சி.யின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெமிஸ்ட் இருமுறை கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தரையில் கிடந்த தாளை அள்ளி மடிக்க முயன்றேன். ஏழு பெயர்களும் மனப்பாடம் ஆகியிருந்தன. அந்த ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் யாரோ படுத்திருப்பார்கள் என்பது அப்போதுதான் தோன்றியது. அதுவரை என் மனதில் ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது.

பதினொன்று இரண்டுக்கு மொபெட் சத்தம். சூப்பர்வைசர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி ஓடி வந்தார். இந்தமுறை செருப்போடு உள்ளே வந்துவிட்டார்.

"3098 சார்! நாலு தபா படிச்சேன். மூணு, சைபர், ஒம்போது, எட்டு. வேற லாட்டு. இன்னும் கொஞ்சம்தான் கீது, தீரப்போவுது. அம்மா நல்லா தூங்கினு கீறாங்க. உங்க மாமியார்தான் யாருய்யா நீ, பாட்டிலண்ட இன்னா பார்க்கிறேன்னு எகிறிட்டாங்க."

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன் என்று கெமிஸ்ட் பின்னால் சொன்னார். சூப்பர்வைசர் சொன்னதில் என் காதில் விழுந்தது அந்த எண் மட்டும்தான்.

பதினொன்று நான்குக்கு ஓட்டினேன். ஏழு பெயர்கள். பிரிண்டர் ஒரு மூச்சு நின்றது. நாங்கள் நால்வரும் நின்றுகொண்டிருந்தோம். எட்டாவது வரியில் பல்லாவரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் வந்தது. புதுப் பெயர். பிறகு கோவளத்தில் ஒரு கிளினிக். பிறகு வேறு வேறு பெயர்கள். மொத்தம் இரண்டு பக்கம். பதினொன்று பன்னிரண்டுக்குத் தானாக நின்றது. மேலாளர் தாளைக் கிழித்து எடுத்துப் படித்துக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தைய வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தி, தாளை என்னிடம் கொடுத்தார். இரும்புலியூர் நர்சிங் ஹோம். 5019 வழியாக. ஒரு பெட்டி, இருபத்துநான்கு பாட்டில்கள், நான்கு நாள் முன்னால் கொடுத்தது.

"வேனை முதல்ல அங்க விடு," என்று டிரைவரிடம் சொன்னார். "நீயும் ஏறு."

பதினொன்று பதினைந்துக்குக் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. சாலையில் இடுப்பளவுக்குத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு பஸ்கள் போயின. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை நின்றோம். டிரைவர் என்னவோ பேசிக்கொண்டு வந்தார். அவள் கையில் இருப்பது 3098, அது வேறு லாட், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது மட்டும்தான் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி முக்கால்வாசி பிரிக்காமலே இருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

பதினொன்று நாற்பதுக்கு நர்சிங் ஹோம் வாசலில் இறங்கினேன். மாடிப்படிக்கு அடியில் எங்கள் பெட்டி இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் 5019 என்று மார்க்கர் எழுத்து. மேல் டேப் அறுத்திருந்தது. முதல் வரிசையில் ஒரு குழி காலியாக இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த நர்ஸ் எழுந்து வந்தாள்.

"என்ன சார் பெட்டியப் பாக்கறீங்க? பழைய பெட்டி தீர்ந்துடுச்சு. இப்பதான் இதைப் பிரிச்சேன்."

"எந்தக் கட்டிலுக்கு?"

"உங்க வீட்டம்மாவுக்குத்தான்."

படிகளை எப்படி ஏறினேன் என்பது டைரியில் இல்லை. அறைக்குள் மாமியார் ஏதோ கேட்டார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குழாயில் இருந்த சக்கரத்தை முழுக்கத் திருகி அடைத்தேன். சொட்டு நின்றது. பிறகு பாட்டிலைப் பார்த்தேன். இடது ஓரம், கீழிருந்து இரண்டாவது வரி: 3127. அதன் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் மாட்டிய நேரம் எழுதியிருந்தது: 11.20.

கால் பாகம் இறங்கியிருந்தது.